வெளி வன்தட்டில் பேக்கப்: சர்வர் நிரம்பி நின்ற காரணமும் மாற்ற வேண்டியவையும்

காரைக்குடியில் பழைய குடும்பங்களின் பேரேடுகள், கடிதங்கள், இசைகுடிமானப் பத்திரங்கள் (திருமண ஒப்பந்தங்கள்) ஆகியவற்றை ஸ்கேன் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து வந்த கேள்வி இது. அங்கே லினக்ஸ் வகையான உபுண்டு ஓடும் சர்வர் ஒன்று இருக்கிறது. இயங்குதளம் 120 ஜிபி எஸ்எஸ்டியிலும், ஏறத்தாழ 700 ஜிபி அளவுள்ள ஸ்கேன் படங்கள் தனி வன்தட்டிலும் உள்ளன. ரசீதுக்கும் அட்டவணைக்கும் மரியாடிபி தரவுத்தளம். 2 டிபி யுஎஸ்பி வன்தட்டு ஒன்று எப்போதும் செருகப்பட்டே இருக்கும். இரவு 11 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் வழியாக, நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் ஓடி எல்லாவற்றையும் அதில் நகலெடுக்கும். சென்ற வாரம் மின்சாரம் போய் வந்ததற்கு மறுநாள் சர்வர் நின்றுவிட்டது. எஸ்எஸ்டி முழுவதும் நிரம்பிவிட்டதாக டிஎஃப் கட்டளை சொல்கிறது. டியூ கட்டளையால் அடைவு அடைவாகத் தேடினால் 15 ஜிபிக்கு மேல் கணக்கில் வரவில்லை. வெளி வன்தட்டைத் திரும்ப மவுண்ட் செய்து (ஓர் அடைவோடு இணைத்து) பார்த்தால் அதுவும் நல்ல நிலையிலேயே இருக்கிறது. மீதி 100 ஜிபி எங்கே போயிற்று, இந்த முறையை இனியும் நம்பலாமா என்பதே கேள்வி.

அந்த 100 ஜிபி, வெளி வன்தட்டை மவுண்ட் செய்யும் அடைவுக்கு அடியில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் விடை. லினக்ஸில் மவுண்ட் புள்ளி என்பது எஸ்எஸ்டியில் உள்ள ஒரு சாதாரண வெற்று அடைவுதான். வன்தட்டு மவுண்ட் ஆனால் அந்த அடைவின் பெயரில் வன்தட்டின் உள்ளடக்கம் தெரியும், மவுண்ட் ஆகாவிட்டால் அது வெறும் அடைவாகவே நிற்கும். மின்சாரம் திரும்பியபோது வன்தட்டு மவுண்ட் ஆகவில்லை. ஆர்சிங்கிற்கு அந்த வேறுபாடு தெரியாது. காலியான அடைவு ஒன்றைக் கண்டது, முதல் கோப்பிலிருந்து நகலெடுக்கத் தொடங்கியது, எஸ்எஸ்டி நிரம்பும் வரை எழுதியது. பிறகு நீங்கள் வன்தட்டை மவுண்ட் செய்தபோது, கொட்டிக் கிடந்த நெல்லின்மேல் பாயை விரித்ததுபோல அந்தக் கோப்புகள் மறைந்துவிட்டன. டியூ பாயின் மேலே மட்டும் நடந்து எண்ணுகிறது. டிஎஃப் கோப்பு முறைமையின் மொத்தக் கணக்கைக் கேட்டுச் சொல்கிறது. இரண்டும் முரண்படுவது அதனால்தான்.

சரிசெய்ய வெளி வன்தட்டை அன்மவுண்ட் செய்து அதே அடைவுக்குள் பாருங்கள். கோப்புகள் தெரிந்தால் அவைதான் எஸ்எஸ்டியை அடைத்தவை. அழிப்பதற்கு முன் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையால் அந்த இடத்தில் எதுவும் மவுண்ட் ஆகவில்லை என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். அவசரத்தில் வன்தட்டு மவுண்ட் ஆகியிருக்கும்போது அழித்துவிட்டால் உங்கள் ஒரே பேக்கப்பையே அழித்தவர் ஆவீர்கள். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் வேறொரு காரணம் இருக்கலாம்: அழிக்கப்பட்டும் ஏதோ ஒரு நிரல் திறந்தே வைத்திருக்கும் பெரிய கோப்பு. அதை எல்எஸ்ஓஎஃப் காட்டிக்கொடுக்கும். அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவிடும்.

இது மறுபடி நேராமல் இருக்க மூன்று காப்புகளைச் செய்யச் சொல்வேன். முதலாவது, வன்தட்டு அன்மவுண்ட் ஆகியிருக்கும் நேரத்தில் அந்த வெற்று அடைவின்மேல் சிஎச்ஏடிடிஆர் கட்டளையால் மாற்றவியலாத் தன்மையை ஏற்றுவது. அதன்பின் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராலும் அதற்குள் ஒரு கோப்பைக்கூட உருவாக்க முடியாது. ஆனால் அதன்மேல் வன்தட்டை மவுண்ட் செய்ய எந்தத் தடையும் இருக்காது. இரண்டாவது, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வன்தட்டை எஸ்டிபி, எஸ்டிசி போன்ற சாதனப் பெயரால் குறிக்காமல், பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யுயுஐடி என்னும் தனி அடையாள எண்ணாலோ நீங்கள் இட்ட லேபிலாலோ குறிப்பது. சாதனப் பெயர் செருகும் வரிசையைப் பொறுத்து மாறிவிடும். அதே வரியில் நோஃபெயில் என்னும் விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் சர்வர் தொடங்கும்போது வன்தட்டு செருகப்படாமல் இருந்தால், தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். திரை இணைக்காத சர்வரில் அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும்.

மூன்றாவதே எனக்கு மிக முக்கியமானது. வன்தட்டுக்குள், அதன் மேல்மட்டத்தில், ஓர் அடையாளக் கோப்பை வைத்துவிட்டு, பேக்கப் ஸ்கிரிப்ட் தொடங்கியவுடன் அந்தக் கோப்பு இருக்கிறதா, வன்தட்டில் ஒரு சிறு கோப்பை எழுத முடிகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பிழைச் செய்தியோடு வெளியேறும்படி எழுதுங்கள். மவுண்ட் புள்ளியை மட்டும் சோதிக்கும் மவுண்ட்பாயின்ட் கட்டளை போதாது; யுஎஸ்பி கம்பி ஒரு கணம் தளர்ந்து வன்தட்டு துண்டிக்கப்பட்டாலும் மவுண்ட் பதிவு அப்படியே நிற்கக்கூடும், கட்டளையும் எல்லாம் சரி என்றே சொல்லக்கூடும். எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இவ்வளவும் செய்தபிறகும், எப்போதும் செருகியே இருக்கும் ஒரே வன்தட்டை நான் பேக்கப் என்று ஏற்கமாட்டேன். சர்வரின் வன்தட்டு பழுதானால் மட்டும் அது உதவும். ஐப்பசி மாத இடி ஒன்று மின்கம்பி வழியாக இறங்கினால் சர்வரும் அதுவும் ஒன்றாகப் போகும். திருடன் வந்தால் இரண்டையும் எடுத்துப்போவான். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ரூட் உரிமையைப் பெற்றுவிட்டால், மவுண்ட் ஆகியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டும். ஆகவே குறைந்தது இரண்டு வன்தட்டுகள் வேண்டும், எந்த நேரத்திலும் ஒன்று சர்வரை விட்டு விலகி வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே லேபிலை இட்டு, எஃப்எஸ்டேப்பில் லேபிலால் குறித்தால் எது செருகப்பட்டாலும் அதே இடத்தில் மவுண்ட் ஆகும். எது எது என்பதை அடையாளக் கோப்பின் உள்ளே எழுதி வைத்து, ஸ்கிரிப்ட் அனுப்பும் மின்னஞ்சலில் அந்தப் பெயர் வரும்படி செய்துகொள்ளலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மட்டும் செருகக் கூடாது. சனிக்கிழமை மாலை ஒன்றைக் கழற்றி, தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பி, அங்கிருப்பதைக் கொண்டுவந்து செருகுவது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டால் அதிகபட்சம் ஒரு வார வேலைக்குமேல் இழக்க மாட்டீர்கள்.

இந்த வழக்கம் உங்கள் ஊருக்குப் புதியதன்று. கடல் கடந்து கடை வைத்தவர்கள் ஐந்தொகையை (கடையின் இருப்புநிலைக் கணக்கை) ஊருக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது கடையைப் போட்டுவிட்டு வந்தவர்கள் அங்கிருந்த ஏடுகளைச் சுமந்து வர முடியவில்லை, முன்பே ஊருக்கு வந்து சேர்ந்திருந்த தாள்தான் அவர்கள் கையில் இருந்தது. நீங்கள் ஸ்கேன் செய்யும் கட்டுகளில் அத்தகைய தாள்கள் இருக்கும்.

கழற்றும் வன்தட்டை வீட்டு வளவிலுள்ள பழைய இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கலாமே என்று தோன்றும். திருட்டுக்கு அது நல்ல காப்பு, தீக்கு அன்று. தீத்தாங்கும் பெட்டிகளுக்கான தரத்தில், தாளைக் காக்கும் பெட்டியின் உட்புறம் 177 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம்; காந்த நாடாவைக் காக்கும் பெட்டிக்கு வரம்பு 66 டிகிரி, நெகிழ்வட்டுக்கு 52 டிகிரி மட்டுமே. தாள் பிழைக்கும் சூட்டில் வன்தட்டு பிழைக்காது. வேறு ஊர் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கழற்றும் முறையையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு வன்தட்டுக்கு அனுப்புவதால், நகலெடுப்பு முடிந்ததாகத் திரையில் தெரிந்தாலும் தரவின் ஒரு பகுதி இன்னும் வன்தட்டைச் சேர்ந்திருக்காது. அன்மவுண்ட் கட்டளை முடிந்து கட்டளை வரி திரும்பும்வரை, சில நிமிடமானாலும், காத்திருங்கள். பிறகு யுடிஸ்க்ஸ்சிடிஎல் வழியாக மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, சுழற்சி அடங்கியபின் எடுப்பது நல்லது.

அடுத்து ஆர்சிங்க். 1996 முதல் இருந்துவரும் இந்தக் கருவியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனால் டெலீட் விருப்பத்தோடு இரவுதோறும் அதே அடைவுக்குள் ஓட்டுவது ஆபத்தானது. பகலில் ஒருவர் தவறுதலாக ஒரு குடும்பத்தின் முழு அடைவையும் அழித்துவிட்டால், இரவு 11 மணிக்கு ஆர்சிங்க் அந்தத் தவற்றை உண்மையாக நகலெடுத்து பேக்கப்பிலும் அழித்துவிடும். அதற்கு மாற்றாக லிங்க்-டெஸ்ட் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் இரவும் தேதியிட்ட புதிய அடைவு உருவாகும். மாறிய கோப்புகள் மட்டும் புதிதாக எழுதப்படும், மாறாதவை முந்தைய நாளின் கோப்போடு ஹார்டு லிங்காக, அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயராக, இணைக்கப்படும். பார்ப்பதற்கு ஒவ்வொரு தேதியிலும் 700 ஜிபி முழுதாக இருக்கும், இடமோ ஒருமுறைக்குச் சற்றுக் கூடுதலாகவே செலவாகும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முப்பது தேதிகள் இருந்தாலும் மாறாத கோப்பின் உடல் வன்தட்டில் ஒன்றுதான். அந்த இடத்தில் ஒரு செக்டார் கெட்டால் முப்பது தேதியிலும் அந்தப் படம் கெடும். ஒரு தேதியின் அடைவுக்குள் போய் அதைத் திறந்து அதன்மேலேயே சேமித்தாலும் எல்லாத் தேதியிலும் மாறக்கூடும். தேதிகள் உங்களை மனிதத் தவற்றிலிருந்து காக்கும். வன்தட்டின் பழுதிலிருந்து காப்பது இரண்டாவது வன்தட்டு மட்டுமே.

ஆர்சிங்கின் சிறிய எழுத்து ஏ விருப்பம் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்ற எண்ணமும் சரியன்று. ஹார்டு லிங்குகள், ஏசிஎல் (நுணுக்கமான அனுமதிப் பட்டியல்), நீட்டிப்புப் பண்புகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பெரிய எழுத்து எச், ஏ, எக்ஸ் சேர்க்க வேண்டும். வேறொரு கணினியில் மீட்கும்போது உரிமையாளர் குழம்பாமலிருக்க நியூமெரிக்-ஐடிஸ் விருப்பமும் தேவை. படங்களோடு, அமைப்புக் கோப்புகள் உள்ள ஈடிசி அடைவையும் நிறுவியுள்ள பொதிகளின் பட்டியலையும் சேர்த்தெடுங்கள். கணினி தானே உருவாக்கிக்கொள்ளும் ப்ராக், சிஸ், டெவ், ரன் ஆகிய அடைவுகள் தேவையில்லை.

தரவுத்தளத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் முறையில் உண்மையிலேயே உடைந்திருப்பது அதுதான். ஓடிக்கொண்டிருக்கும் மரியாடிபியின் கோப்புகளை ஆர்சிங்க் நகலெடுக்கும்போது, முதல் கோப்பை எடுத்த கணமும் கடைசிக் கோப்பை எடுத்த கணமும் வேறு வேறு. இடையில் தரவுத்தளம் மாறியிருக்கும். அந்த நகலைத் திருப்பி வைத்தால் சில சமயம் திறக்கும், சில சமயம் திறக்காது, மிக மோசமான நிலையில் திறந்தும் உள்ளே தவறாக இருக்கும். ஆகவே ஆர்சிங்குக்கு முன்னால் மரியாடிபி-டம்ப் கொண்டு, சிங்கிள்-டிரான்சாக்ஷன் விருப்பத்தோடு, ஒரு எஸ்கியூஎல் கோப்பை எடுத்துவிட வேண்டும். இன்னோடிபி என்னும் சேமிப்பு வகையில் உள்ள அட்டவணைகளுக்கு இது ஒரே கணத்தின் நிலையை, யாரையும் நிறுத்தி வைக்காமல், எடுத்துத் தரும். பழைய மைஐசாம் அட்டவணைகள் இருந்தால் அவற்றுக்கு இந்த உறுதி இல்லை, முதலில் இன்னோடிபிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டம்ப்பை நேரடியாகச் சுருக்கும் கருவியான ஜிசிப்புக்குக் குழாய் வழியாக அனுப்புகிறவர்கள் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் பைப்ஃபெயில் என்னும் அமைப்பை இட வேண்டும். இல்லையென்றால் டம்ப் தோற்றாலும் ஜிசிப் வெற்றிகரமாக முடிந்ததையே, ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் கணக்கில் கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கடையின் சர்வரில் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியபின் நான்கு மாதம் ஒவ்வோர் இரவும் 20 பைட் அளவுள்ள கோப்பு ஒன்று ஒழுங்காக உருவாகிக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் ஜிசிப் தருவது அந்த 20 பைட்தான். பெயரும் தேதியும் சரியாக இருந்ததால் நான் அளவைப் பார்க்கவில்லை. அந்தக் கடைக்கு அந்த மாதங்களில் எதுவும் ஆகவில்லை என்பது எங்கள் நல்வாய்ப்பு. அன்றிலிருந்து, கோப்பின் அளவு முந்தைய நாளைவிடப் பாதிக்கும் கீழே குறைந்தால் ஸ்கிரிப்ட் என்னை எழுப்பும்படி வைத்திருக்கிறேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதை நேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று நிரல் மூலங்களைச் சேமிக்கும் கிட்லேப் தளத்தின் முதன்மைத் தரவுத்தள அடைவு தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அன்றாடம் எடுக்கப்பட்டதாக நம்பிய டம்ப்புகள் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சர்வரில் இருந்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவி 9.2 பதிப்பு, ஒவ்வொரு முறையும் அது தோற்றது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் பெறுமிடத்தில் நிராகரிக்கப்பட்டன. வேறொரு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னர் எடுத்திருந்த எல்விஎம் நகலிலிருந்து (வட்டின் கணநேர நிலையின் நகல்) மீண்டார்கள். ஆகவே தோல்வியை மட்டும் சொல்லும் மின்னஞ்சலை நம்பாதீர்கள். வெற்றிச் செய்தி நாள்தோறும் வரட்டும், வராத நாளில் போய்ப் பாருங்கள்.

வன்தட்டின் கோப்பு முறைமை எக்ஸ்ட்4 ஆக இருக்கட்டும். கடையில் வாங்கும் வன்தட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் வரும். எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸ் அனுமதிகளும் இல்லை, ஹார்டு லிங்கும் இல்லை, எனவே மேலே சொன்ன தேதி முறை அதில் நடக்காது. எக்ஸ்ட்4 இயல்பாக ரூட்டுக்கென்று 5 சதவீத இடத்தை ஒதுக்கும். பேக்கப் வன்தட்டில் அதைச் சுழியாக்கினால் 2 டிபியில் 100 ஜிபி கிடைக்கும். கோப்பின் உள்ளடக்கம் காலப்போக்கில் சிதைந்தால் எக்ஸ்ட்4 அதை அறியாது என்பதால், ஸ்கேன் படங்களுக்கு எஸ்எச்ஏ256 கூட்டெண் (கோப்பின் கைரேகை போன்ற எண்) பட்டியல் ஒன்றை எழுதி வைத்து ஆண்டுக்கு இருமுறை சரிபார்ப்பது உங்களைப் போன்றவர்களுக்கு அவசியம். உரிமையாளர் பேரேட்டைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார். அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது அந்தத் தாள் பொடிந்திருக்கலாம்.

வன்தட்டை நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். யுஎஸ்பி 2 துளையில் விநாடிக்கு 35 எம்பி கிடைத்தாலே அதிகம். 700 ஜிபியின் முதல் நகலுக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 3இல் அதே வன்தட்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிக்கும். அப்படியும் சற்று நேரம் வேகமாக எழுதிவிட்டுப் பிறகு தவழ்ந்தால், அது, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகைத் தட்டாக இருக்கலாம். கையடக்க வன்தட்டுகள் பலவும் அந்த வகையே. இரவு வேலைக்கு அது போதும், பழுது என்று எண்ணித் தூக்கிப் போட வேண்டாம்.

சூட்டை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். கையடக்க வன்தட்டுகள் பலவற்றின் குறிப்பேட்டில் இயங்கு வெப்பநிலையின் உச்சவரம்பு 35 டிகிரி என்றே இருக்கும். சித்திரையில் காரைக்குடியின் பூட்டிய அறை அதைத் தாண்டிவிடும். இரவில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு நிற்கும் வன்தட்டு, பகலெல்லாம் மூடிய அலமாரிக்குள் சுழலும் வன்தட்டைவிட நெடுநாள் வாழும். மாதம் ஒருமுறை ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். யுஎஸ்பி பெட்டி பதில் சொல்லாவிட்டால் சாதன வகையை சாட் என்று குறிப்பிட வேண்டியிருக்கும். 5ஆம் எண் (மாற்றிவைக்கப்பட்ட செக்டார்கள்), 197ஆம் எண் (சந்தேகத்துக்குரிய செக்டார்கள்) ஆகிய இரண்டும் சுழியாக இருக்க வேண்டும். 197 ஏறத் தொடங்கினால் அன்றே புதியது வாங்கிவிடுங்கள்.

வேறு ஊருக்குப் பயணம் போகும் வன்தட்டில் பிறர் குடும்பக் கடிதங்கள் இருப்பதால் லக்ஸ் கொண்டு குறியாக்கம் செய்துவிடுவது கடமை. லக்ஸ் தலைப்பகுதியின் நகலை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்; தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல் இருந்தும் திறக்காது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அந்த இரும்புப் பெட்டியில் வைக்கலாம். தாளுக்கு அது ஏற்ற இடம். குறியாக்கம், தேதி முறை, கூட்டெண் சரிபார்ப்பு மூன்றும் ஒன்றாக வேண்டுமென்றால் ரெஸ்டிக் அல்லது போர்க் நல்ல கருவிகள். ஆயினும் உங்கள் அலுவலகத்தில் நீங்கள் இல்லாத நாளில் வேறொருவர் ஒரு படத்தைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், சாதாரண அடைவாகத் திறக்கும் ஆர்சிங்க் முறையையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

இத்தனையையும் இந்த வாரமே செய்துவிட முடியாது. முதலில் எஸ்எஸ்டியைக் காலி செய்து, அடைவைப் பூட்டி, அடையாளக் கோப்புச் சோதனையைச் சேருங்கள், அடுத்து டம்ப், சம்பளம் வந்ததும் இரண்டாவது வன்தட்டு. அது வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்வரைத் தொடாமல், ஒரு பழைய மடிக்கணினியில் உபுண்டுவையும் மரியாடிபியையும் நிறுவி, அந்த வன்தட்டை மட்டும் செருகி, ஒரு குடும்பத்தின் ரசீதுகளையும் அவர்களுடைய முதல் பேரேட்டின் படங்களையும் அதில் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்தக் கடவுச்சொல் நினைவுக்கு வரவில்லை, எந்த அடைவு விடுபட்டது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் எழுதியவற்றை எனக்கு அனுப்பினால், ஸ்கிரிப்டை அதற்கேற்பத் திருத்தித் தருகிறேன்.